சில்வண்டுச் செம்பருத்தி

அக்காவைச் சின்ன வயதில் அவள் அப்பா ‘சில்வண்டு’ என்று கூப்பிடுவார். அவர் செடிக்கு மண் அணைத்துக்கொண்டிருக்கும்போது காதோரம் வந்து நின்று நொய்நொய் என்று கேள்வி கேட்பாளாம். இந்த இலை ஏன் சுருண்டிருக்கு, அந்தப் பூவுக்கு ஏன் வாசமே இல்லை, இதுக்கும் அதுக்கும் ஒரே மாதிரி இலைதானே, அப்புறம் ஏன் வேற பேரு? “கொஞ்ச நேரம் வாயை மூடேன், சில்வண்டு” என்பார். அவள் மூடிக்கொண்டால் சற்று நேரத்தில் அவரே திரும்பிப் பார்த்து, “என்ன, சத்தத்தையே காணோம்?” என்பார். அவர் போன பிறகு அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட ஆள் இல்லை. அவளும் பேச்சைச் சுருக்கிக்கொண்டாள். இப்போது ஐம்பதைத் தாண்டிவிட்டாள். பண்ணையில் வேலை செய்பவர்கள், செடி வாங்க வருகிறவர்கள், உர லாரிக்காரர், எல்லாருக்கும் அவள் அக்காதான்.

ஆனாலும் சில்வண்டு என்ற பெயரைப் பூச்செடி வளர்ப்பவர்கள் யாரும் மறக்கவில்லை. அது ஒரு செம்பருத்தி. வாங்கியவர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் திட்டிய செம்பருத்தி.

பூச்செடிக்குப் பெயர் வைப்பதில் ஒரு கண்டிப்பு உண்டு. குழந்தைக்குப் பெயர் வைப்பதில் அது கிடையாது. ஒரே தெருவில் ஒரே பெயரில் நாலு பிள்ளைகள் இருக்கலாம், தபால்காரர்தான் திண்டாடுவார். செடியில் அப்படி நடக்க விடமாட்டார்கள். செம்பருத்தி என்பது ஒரு பேரினம். அதற்குள் பல இனங்கள். இனத்தோடு இனம் கலந்து பிறந்தவை கலப்பினங்கள். அதற்கும் கீழே, ஒருவர் கையால் கலந்து, பொறுக்கி எடுத்து, இதுதான் என்று நிறுத்திய ஒவ்வொன்றும் ஒரு ரகம். ரகத்தின் பெயரை ஒற்றை மேற்கோள் குறிக்குள் எழுதுவார்கள். மேலே இருக்கும் பெயர்களெல்லாம் படித்தவர்கள் என்றைக்கோ வைத்துவிட்டுப் போனவை. அந்த இரண்டு மேற்கோள் குறிகளுக்கு நடுவே உள்ள இடம் ஒன்றுதான் வளர்ப்பவருக்கு மிச்சம்.

ஒரு ரகத்தின் விதையைப் போட்டால் அதே ரகம் வராது. பிள்ளை தாயைப் போலவும் இருக்காது, தகப்பனைப் போலவும் இருக்காது. அதனால் தண்டை வெட்டித்தான் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒட்டுக் கட்ட வேண்டும். அப்படிப் பார்த்தால் ஒரு ரகம் என்பது எங்கே நின்றாலும் ஒரே செடிதான், நூறு தொட்டியில் இருக்கும் ஒரே செடியின் துண்டுகள். ஒரு வீட்டில் மொட்டு உதிர்ந்தால் நூறு வீட்டிலும் உதிரும்.

சில்வண்டு நூறு வீட்டிலும் உதிர்ந்தது.

அதற்கு அந்தப் பெயரை வைத்தது தம்பி. அப்பாவுக்குப் பிறகு பண்ணை அவன் கைக்கு வந்தது. வந்தது என்பதை யாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யவில்லை. தண்ணீர் பள்ளத்துக்கு ஓடுவதுபோல் தானாக அவன் பக்கம் போனது. அக்கா அப்போதுதான் கட்டிக்கொடுத்த வீட்டிலிருந்து ஒரு சூட்கேஸோடு திரும்பியிருந்தாள். குழந்தை இல்லை என்பது வெளியே சொன்ன காரணம். மற்றதை அவள் யாரிடமும் சொன்னதில்லை, யாரும் கேட்டதும் இல்லை. வாசலில் புதுப் பலகை மாட்டியபோது அதில் தம்பியின் பெயரைப் பார்த்து உர லாரிக்காரர், “என்ன தம்பி, ‘அண்ட் சன்ஸ்’னு போடுவாங்க, நீங்க ‘அண்ட் சிஸ்டர்’னு போடக் கூடாதா?” என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள்.

தம்பி கெட்டவன் இல்லை. அதுதான் அவளுக்குப் பெரிய கஷ்டம். கெட்டவனாக இருந்தால் ஒருநாள் சண்டை போட்டுத் தீர்த்திருக்கலாம். அவன் வாய் நிறைய “அக்கா, அக்கா” என்பான். முகம் பார்த்துப் பேசத் தெரிந்தவன். யாரிடம் எதற்குக் காரியம் ஆக வேண்டுமோ அவர்கள் வீட்டுப் பெண்ணின் பெயரை ஒரு பூவுக்கு வைத்துவிடுவான். பாங்க் மேனேஜரின் மனைவி, மின்சார எஞ்சினியரின் அம்மா, ரோடு போட்ட கான்டிராக்டரின் மூத்த மகள், இப்படி வரிசையாகச் செம்பருத்திகள் நிற்கும். “நம்ம பண்ணையை ஒரு சுத்து சுத்தி வந்தாப் போதும், முதலாளி யார் யார் கால்ல விழுந்திருக்கார்னு தெரிஞ்சுடும்” என்பாள் தண்ணீர் விடுகிறவள், ஹோஸை மடக்கிப் பிடித்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தாமலே.

பூக்களை உண்டாக்கியது அக்கா. விடிந்து வெயில் ஏறுவதற்குள் ஒரு மெல்லிய பிரஷ்ஷோடு பாத்திக்குப் போவாள். ஒரு பூவின் மகரந்தத்தைத் தொட்டு இன்னொரு பூவின் நடுத்தண்டு நுனியில் இருக்கும் ஐந்து பொட்டுகளிலும் தடவுவாள். உடனே காம்பில் ஓர் அட்டை கட்டுவாள்: தாய் இன்னது, தந்தை இன்னது, தேதி இன்னது. காய் பிடித்து, முற்றி, வெடிப்பதற்குள் வலைத்துணி சுற்றி விதை எடுத்து, நாற்றாக்கி, முதல் பூ வரும்வரை காத்திருப்பாள். வருகிற நூறில் தொண்ணூற்றொன்பது குப்பை. குப்பைக்குச் சிவப்பு நாடா கட்டுவாள். அதைப் பிடுங்கிப் போடும்போது ஒரு நொடிகூடத் தயங்க மாட்டாள். “செடிக்குப் பாவம் பார்த்தா பூவுக்குத் துரோகம்” என்று அவள் சொன்னதாகத் தண்ணீர் விடுகிறவள் சொல்லுவாள். அக்கா அவ்வளவு நீளமாகப் பேசியிருப்பாளா என்பது சந்தேகம்.

சில்வண்டுக்கும் சிவப்பு நாடாதான் கட்டியிருந்தாள். நிறம் மட்டும் அபூர்வம், மழை வரும் முன் வானம் இருக்குமே அப்படி ஒரு சாம்பல் ஊதா. மற்றதெல்லாம் கோளாறு. கழுத்து பலமில்லாமல் பூ தலையைக் கவிழ்த்துக்கொள்ளும். பத்து மொட்டு வைத்தால் எட்டு உதிரும். அவள் பிடுங்கப் போகும் சமயத்தில் அந்த வருஷத்து மலர்க் கண்காட்சிக்கு எதிர்ப் பண்ணைக்காரர் நாலு புது ரகம் கொண்டுவருகிறார் என்று செய்தி வந்தது. தம்பியிடம் மூன்றுதான் இருந்தன. அவன் பாத்திக்குப் போய் அன்று காலை பூத்திருந்த அந்த ஒற்றைப் பூவைப் பார்த்தான். நாடாவை அவிழ்த்தான். கண்காட்சி மேடையில் ஒலிபெருக்கியைப் பிடித்து, “இது எங்க அக்காவுக்கு நான் கொடுக்கிற மரியாதை. எங்க அப்பா அவளைச் செல்லமா கூப்பிட்ட பேரு, சில்வண்டு” என்றான். கூட்டம் கைதட்டியது. ஓர் அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அது குப்பைடா என்று அக்கா அப்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் அவள் சூட்கேஸ் அவன் வீட்டு மாடியறைக் கட்டிலுக்கு அடியில் இருந்தது. எல்லாரும் திரும்பிப் பார்த்தபோது கையெடுத்துக் கும்பிட்டாள்.

அடுத்த வருஷமே புகார் வர ஆரம்பித்தது. தொட்டியோடு தூக்கிக்கொண்டு வந்து வாசலில் வைத்தார்கள். தம்பி மனைவி ஆபீஸ் அறையில் மின்விசிறிக்கு நேரே உட்கார்ந்து பதில் சொல்லுவாள். “சில்வண்டா? அதுல மொட்டு நிக்காதுங்க. என்ன உரம் போட்டும் பிரயோஜனமில்ல. பேரு அப்படி.” சொல்லிவிட்டுப் பக்கத்துக் கொட்டகையில் அக்கா இருக்கிறாளா என்று பார்க்க மாட்டாள். பார்க்கத் தேவையில்லை, இருப்பாள். மற்ற பண்ணைகளிலும் அந்தப் பெயர் ஒரு சொல்லாகவே ஆகிவிட்டது. எந்தச் செடி மொட்டு உதிர்த்தாலும், “இது என்னய்யா, சில்வண்டு மாதிரி” என்றார்கள்.

அக்கா ஒரு செடியை மட்டும் தண்ணீர்த் தொட்டி ஓரம் வைத்துக்கொண்டாள். அந்த நிறத்துக்காக. அதைத் தாயாக வைத்துக் காய் பிடிக்க வைத்தாள், பிள்ளைகளை ஒன்றோடொன்று கலந்தாள், பிறந்ததில் பெரும்பாலானதைப் பிடுங்கிப் போட்டாள், மறுபடி கலந்தாள். தலை நரைத்தது. தம்பி மகன் பள்ளிக்கூடம் முடித்து வெளியூர் போனான். அவள் பாத்தியை விட்டு நகரவில்லை.

சென்ற வருஷம் அந்தப் பூ வந்தது. அதே சாம்பல் ஊதா, நடுவில் கருஞ்சிவப்பு, நிமிர்ந்த கழுத்து. காலையில் பார்த்துவிட்டு வேலைக்குப் போனாள். செம்பருத்தி அன்றைக்கே வாடிவிடும் பூ. மறுநாளும் அது விரிந்தபடி இருந்தது. அதற்கு மறுநாளும். ஒரு மொட்டுகூடக் கீழே விழவில்லை. தண்டு வெட்டி வைத்துப் பார்த்தாள், அவையும் அப்படியே பூத்தன. அன்று மத்தியானம் தம்பி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது எதிரே போய் நின்றாள்.

“இதுக்குப் பேரு நான் வைக்கிறேன்.”

தம்பி மனைவி கரண்டியை நிறுத்தினாள். தம்பி நிமிர்ந்து பார்த்தான். “தாராளமா வையேன்க்கா. இதுக்கெல்லாம் கேட்கணுமா? என்ன பேரு?”

“கண்காட்சியில தெரியும்.”

“பாரேன், சஸ்பென்ஸ்!” என்று சிரித்தான். “டைல்ஸ் கடைக்காரர் தன் பொண்ணு பேரை வைக்கச் சொல்லி ரொம்ப நாளா கேட்கறாரு. அவருக்கு அடுத்ததுல பார்த்துக்கலாம். நீ வை.”

அவள் வைக்க நினைத்த பெயர் ஒன்றுதான். அது அவளுடையது. அதை எடுத்து ஒரு குப்பைச் செடியின் கழுத்தில் மாட்டிவிட்டார்கள். கழற்றி வாங்கி, தன் கையால் வந்ததிலேயே சிறந்த பூவுக்குப் போட வேண்டும். அதற்குப் பிறகு யாராவது சில்வண்டு என்றால் மூன்று நாள் நிற்கும் பூ நினைவுக்கு வர வேண்டும். இது அதிக ஆசையா என்று அவள் தன்னையே கேட்டுப் பார்த்தாள். இல்லை என்றுதான் பட்டது.

பெயர்ப் பதிவை மலர்ச் சங்கத்துக்காகக் கவனித்துக்கொள்பவர் பெரிய தெரு மருந்துக்கடைக்காரர். சம்பளமில்லாத வேலை. இருமல் மருந்துக்கும் தலைவலி மாத்திரைக்கும் நடுவே, நின்ற நிலையில் பதில் சொல்லுவார். அக்கா போனபோது கடையில் கூட்டமில்லை. கேட்டுவிட்டு அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

“அம்மா, ஒரு பேரை ஒரு செடிக்குக் கொடுத்தாச்சுன்னா கொடுத்ததுதான். செம்பருத்தியில இன்னொண்ணுக்கு அதே பேரைக் கொடுக்கக் கூடாது. செடி நல்லதா மோசமாங்கிறது கணக்கு இல்ல.”

“அந்தச் செடியே இப்ப இல்லைன்னா?”

“அதுக்கு ஒரு சந்து இருக்கு.” விரலை மடக்கினார். “பழைய செடி எங்கயும் உயிரோட இருக்கக் கூடாது. அதை வச்சு யாரும் வேற ரகம் உண்டாக்கியிருக்கக் கூடாது, ஏன்னா வம்சத்துல அந்தப் பேரு வந்துடும், அப்புறம் எந்தச் சில்வண்டு எதுக்குத் தாய்னு குழம்பிடும் பாருங்க. புத்தகத்துல நிறைய வந்திருக்கவும் கூடாது. அது பிரச்சினை இல்ல, நம்ம சங்கத்து ஆண்டு மலர்ல ஒரே ஒரு தடவை வந்ததோட சரி. முதல் ரெண்டும் எப்படி?”

அக்கா கண்ணாடி அலமாரியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“விசாரிச்சுச் சொல்றேன்.”

“விசாரிங்க. நீங்க சொன்னாப் போதும், நான் கமிட்டியில பேசிக்கறேன். மத்தவங்கன்னா நான் நேர்ல வந்து பார்ப்பேன். உங்க அட்டையை நான் என்னைக்காவது சந்தேகப்பட்டிருக்கேனா?”

ஒரு வாரம் அவள் பண்ணைகளுக்கெல்லாம் போன் போட்டாள். “சில்வண்டா? அதைத் தூக்கிக் குப்பையில போட்டு எத்தனை வருஷம் ஆச்சு! யாராவது வச்சிருப்பாங்களா அதை?” என்று சிரித்தார்கள். தன் பெயரைச் சொல்லி அவர்கள் சிரிக்கச் சிரிக்க அவளுக்கு நிம்மதியாக இருந்தது. எங்கும் இல்லை. தண்ணீர்த் தொட்டி ஓரம் நிற்பது ஒன்றுதான் மிச்சம்.

இரண்டாவது நிபந்தனைதான் இடித்தது. புதுப் பூவின் பாட்டி அந்தச் செடி. அந்த நிறம் வேறு எங்கிருந்து வரும்? அதை மறைக்க வேண்டுமானால் தாய் தெரியவில்லை என்று சொல்ல வேண்டும். வளர்ப்பவர்கள் அப்படிச் சொல்வதில் தப்பில்லை. தேனீ கலந்திருக்கும், அட்டை மழையில் போயிருக்கும். ஆனால் அக்கா அப்படி ஒருதடவைகூடச் சொன்னதில்லை. முன்னொரு சமயம் நாற்றுத் தட்டைக் கீழே போட்ட ஒரு பெண் அட்டைகளைக் குத்துமதிப்பாகத் திருப்பி மாட்டிவிட்டாள். அக்கா தட்டு முழுவதையும் எருக்குழியில் கொட்டச் சொன்னாள், அந்தப் பெண்ணையும் எரு அள்ளும் வேலைக்கு மாற்றினாள். “தெரியலைன்னா தெரியலைன்னு எழுது. தெரிஞ்ச மாதிரி எழுதாதே” என்றாள். இப்போது அவளுக்கு வேண்டியிருந்தது நேர் எதிர். தெரிந்ததைத் தெரியவில்லை என்று எழுத வேண்டும்.

வேலையாட்கள் சாப்பிடப் போன நேரத்தில் கடப்பாரையை எடுத்துக்கொண்டு தண்ணீர்த் தொட்டியடிக்குப் போனாள். செடி முழுக்க மொட்டு. கீழேயும் மொட்டு. வேர் தொட்டிச் சுவரைப் பிடித்துக்கொண்டிருந்தது. எதிர்பார்த்ததைவிட நேரம் பிடித்தது. துண்டு துண்டாக வெட்டி இலைச் சருகோடு போட்டுத் தீ வைத்தாள். பச்சைத் தண்டு எளிதில் பற்றவில்லை, புகைந்தது. திரும்பி வந்த தண்ணீர் விடுகிறவள் கண்ணைக் கசக்கிக்கொண்டு, “என்னக்கா, ஒரேயடியா அந்த மூதேவியைத் தொலைச்சுட்டீங்களா? நல்ல காரியம்” என்றாள்.

மறுநாள் மருந்துக்கடையில் அவள் சொன்னாள். “பழசு எங்கயும் இல்ல. புதுசுக்குத் தாய் எதுன்னு தெரியல. விதை கலந்துபோச்சு.”

அவர் தலையை நிமிர்த்தாமல் எழுதிக்கொண்டார். “பரவாயில்லைம்மா. உங்களுக்கே நடக்குதுன்னா மத்தவங்களைக் குத்தம் சொல்லி என்ன பண்றது? பேரு கிடைச்சுடும். சந்தோஷமா இருங்க.”

தம்பியிடம் இதைப் பற்றி அவள் மூச்சு விடவில்லை. சொன்னால் பெயர் முன்பே வெளியே போய்விடும். மனைவியிடம் சொல்லுவான், அவள் ஏதாவது சொல்லுவாள். கண்காட்சி மேடையில் அந்தப் பெயரை மருந்துக்கடைக்காரர் வாசிப்பதைத் தம்பியும் அவளும் மற்ற பண்ணைக்காரர்களும் ஒரே நேரத்தில் கேட்க வேண்டும். அந்த ஒரு நிமிஷத்தை மனத்துக்குள் பலமுறை நடத்திப் பார்த்திருந்தாள்.

கண்காட்சி ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில். நீள மேஜைகளில் வெள்ளைத் துணி, அதன்மேல் தொட்டிகள். புதுப் பூவைச் சுற்றித்தான் கூட்டம். எதிர்ப் பண்ணைக்காரர்கூட வந்து குனிந்து பார்த்துவிட்டு, “கையில ஏதோ வச்சிருக்கீங்கக்கா” என்றார். முன்வரிசையில் டைல்ஸ் கடைக்காரர் சிறப்பு விருந்தினராகச் சந்தனக் கலர் சட்டையில் உட்கார்ந்திருந்தார். மேடையில் மருந்துக்கடைக்காரர் கையில் தாளோடு. பெயர் வாசிப்பதற்கு முன்னால், பண்ணைச் சார்பாக ரெண்டு வார்த்தை பேசத் தம்பியைக் கூப்பிட்டார்கள்.

தம்பிக்கு ரெண்டு வார்த்தை என்று ஒன்று கிடையாது.

“இங்க இருக்கிறவங்கள்ல பாதிப் பேர் என்னைத் திட்டியிருப்பீங்க” என்று ஆரம்பித்தான். “சில்வண்டுன்னு ஒரு செடி வித்தேன், ஞாபகமிருக்கா?” மண்டபம் கொல்லென்று சிரித்தது. “தொட்டியைத் தலையில கவுக்காத குறை. மொட்டு உதிரும், கழுத்து தொங்கும். எல்லாரும் தூக்கிப் போட்டீங்க. ஆனா எங்க அக்கா போடல. அதையே தாயா வச்சு, வருஷக்கணக்கா பாடுபட்டா. இதோ நிக்குதே இந்த அழகி, இது யாரு தெரியுமா? அந்தச் சில்வண்டோட பேத்தி!”

கைதட்டல் அடங்க நேரமானது. அவன் மனசாரத்தான் பேசினான். அக்காவைப் பார்த்து இரண்டு கைகளையும் விரித்தான். அவன் கண் கலங்கியிருந்தது.

மருந்துக்கடைக்காரர் தாளை மடித்தார். மேடையை விட்டு இறங்கிப் பக்கவாட்டில் அக்கா நின்ற தூணருகே வந்தார். மற்றவர்கள் கேட்காதபடி மெதுவாகத்தான் கேட்டார்.

“தம்பி சொல்றது நிஜமாம்மா?”

இல்லை என்றால் முடிந்தது. மேடைக்காக அளக்கிறான், அவனுக்கு என்ன தெரியும் என்றால் போதும். தம்பியின் வாயை அறியாதவர் யார்? அவர் நம்பியிருப்பார். நம்ப விரும்பித்தான் வந்து கேட்டார். அக்கா மேஜையைப் பார்த்தாள். அந்த நிறத்தைப் பார்த்துக்கொண்டு இன்னொருதரம் தாய் தெரியாது என்று சொல்ல நாக்கு எழும்பவில்லை.

“நிஜம்தான்.”

அவர் மடித்த தாளைச் சட்டைப்பையில் வைத்தார். “அப்ப இத்தனை வருஷமா நீங்க எழுதிக் கொடுத்த மத்ததெல்லாம்?”

“அதெல்லாம் சரியாத்தான் கொடுத்தேன்.”

“அதை நான் எப்படிம்மா தெரிஞ்சுக்கறது?” என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

மேடைக்குத் திரும்பிப் போய், இந்த ரகத்துக்குப் பெயர் இன்னும் முடிவாகவில்லை என்று அறிவித்தார். கூட்டம் சலசலத்தது. தம்பிக்கு என்ன நடந்தது என்று புரியவில்லை. ஆனால் ஓர் இடம் காலியாக இருக்கிறது என்பது மட்டும் உடனே புரிந்தது. ஒலிபெருக்கியை மறுபடி வாங்கிக்கொண்டான். “இதுக்கு ஏன் சார் யோசனை? நம்ம சிறப்பு விருந்தினரோட செல்லப் பொண்ணு பேரையே வச்சிடுவோம்!” டைல்ஸ் கடைக்காரர் எழுந்து கும்பிட்டார். மகளை வீட்டில் கூப்பிடும் பெயர் ‘ஸ்வீட்டி’. அப்படியே எழுதிக்கொண்டார்கள்.

வேனில் திரும்பும்போது அக்கா பின்சீட்டில் தொட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள். அதற்குள் தம்பிக்கு விஷயம் தெரிந்திருந்தது.

“ஏன்க்கா, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் அதைப் பேசியிருக்கவே மாட்டேனே.”

“நீ அன்னைக்கு வச்சியே, என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?”

“எதை?”

அவனுக்கு உண்மையிலேயே நினைவில்லை. முன்சீட்டிலிருந்து தம்பி மனைவி திரும்பினாள். “உலகத்துல வேற பேரா இல்ல அண்ணி? அதுக்குப்போய் பொய் சொல்லி, மானத்தை வாங்கி...”

“அது என் பேரு.”

“அந்தப் பேரைச் சொல்லி உங்களை இப்ப யாரு கூப்பிடறா?”

வேன் பள்ளத்தில் இறங்கி ஏறியபோது அக்கா பக்கத்துத் தொட்டியைக் கையால் பிடித்துக்கொண்டாள்.

அடுத்த மாதம் கமிட்டி கூடியது. பண்ணையிலிருந்து வந்த எல்லா ரகங்களுக்கும் நேரே, தாய் தந்தை பெயர்களுக்குப் பக்கத்தில் ‘உறுதியில்லை’ என்று சேர்த்தார்கள். மேனேஜர் மனைவி, எஞ்சினியரின் அம்மா, கான்டிராக்டர் மகள், ஒன்றும் பாக்கியில்லை. வெளியூர் வளர்ப்பாளர்கள் அவளிடம் விதை கேட்பதை நிறுத்திக்கொண்டார்கள். “அக்கா கொடுத்தா அது அதுவாத்தான் இருக்கும்” என்று சொன்னவர்கள்தான். ஸ்வீட்டி நன்றாக விற்றது. மூன்று நாள் நிற்கும் செம்பருத்தி என்று பேப்பரில் படம் வந்தது. உருவாக்கியவர் என்ற இடத்தில் தம்பியின் பெயர் இருந்தது. “உன் பேரைப் போட்டா மறுபடி கேள்வி கேட்பாங்கன்னுதான்க்கா” என்றான். அதுவும் நியாயம்தான்.

தண்ணீர் விடுகிறவள் மட்டும் ஒருநாள் பக்கத்தில் வந்து, “அந்த மூதேவியை நீங்க எரிச்சிருக்கவே வேண்டாங்கக்கா” என்றாள். “வேலையைப் பாரு” என்றாள் அக்கா.

மழைக்காலத்தில் தம்பி மனைவிக்கு ஒற்றைத் தலைவலி வந்தது. வழக்கமாக வாங்கும் மாத்திரை தீர்ந்துபோய், அக்கா குடையை எடுத்துக்கொண்டு மருந்துக்கடைக்குப் போனாள். பல வருஷமாக அவள் வந்து நின்றாலே அவர் எடுத்துக் கொடுத்துவிடும் மாத்திரை அது. அன்றும் எழுந்தார், அலமாரியைத் திறந்தார், பிறகு நினைத்துக்கொண்டவர்போல் கையை எடுத்துக்கொண்டார்.

“டாக்டர் சீட்டு இருக்காம்மா?”

“தம்பி பொண்டாட்டிக்கு. எப்பவும் வாங்கறதுதான்.”

“இருந்தா கொண்டுவந்துடுங்களேன்” என்றார் மரியாதையாக. “அடுத்தவங்க?”

பின்னால் நின்ற ஆள் நகர்ந்து முன்னால் வந்தான். அக்கா ஒதுங்கி வழி விட்டாள். மழை வலுத்திருந்தது. சீட்டு வீட்டில் மேஜை இழுப்பறையில் இருந்தது. எடுத்துவர வேண்டுமானால் போய்விட்டுத் திரும்ப வேண்டும். குடையை விரித்துக்கொண்டு இறங்கினாள்.